தாண்டிய பக்கங்கள்

எங்கள் குடும்பத்தின் இன்பம் 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே தொடங்கிற்று என்று நான் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். அதற்கு முன்னர் நாம் இன்பமாக இருக்கவில்லையா என்று கேட்பாள். இருந்தோம், ஆனால் ஒருவர் விழித்திருக்கையில் மற்றவர் உறங்கிக்கொண்டு இருந்தோம். இலண்டனின் வடமேற்குப் புறத்திலே ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவுக் காசாளனாக நான் வேலை செய்தேன். வாரத்தில் ஆறு இரவு, இரவொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டரைப் பவுண். எழுபத்திரண்டு மணி நேர உழைப்புக்கு நூற்றெண்பது பவுண் கைக்கு வரும். காலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுப்பேன். மனைவி வைத்தியசாலைச் சலவைப் பகுதிக்கு மத்தியானம் போய்விடுவாள். பிள்ளைகள் இருவரும் என்னை உறங்குகிற மனிதனாகவே அறிந்திருந்தனர். மகன் நான்கு வயதில் வரைந்த குடும்பப் படத்தில் நான் மட்டும் கிடையாகக் கிடக்கிறேன்.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி பிரித்தானியாவில் குறைந்தபட்ச வேதனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 3 பவுண் 60 பென்ஸ். முதலாளியும் எம்மவரே. முகம் சுழித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஆயினும் கொடுத்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற விதியும் வந்திருந்தது. தொழிலாளி விரும்பினால் அந்த வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு வாசல் அதிலே திறந்து விடப்பட்டிருந்தது. 'விரும்புகிறேன்' என்று கையொப்பமிட ஒரு தாளும் என்முன் வைக்கப்பட்டது. விரும்பினேன்! உழைப்பவனின் விருப்பங்கள் எப்படி உற்பத்தியாகின்றன என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனினும் கணக்கு எனக்குச் சாதகமாக மாறியிருந்தது. ஓர் இரவைக் கைவிட்டு ஐந்து இரவு உழைத்தாலும் இருநூற்றுப் பதினாறு பவுண் வந்தது. நான் சனிக்கிழமை இரவைக் கைவிட்டேன்.

குடும்ப வாழ்வின் சின்னஞ்சிறு இன்பங்களைப் பற்றி எழுதுவோர் மழைநாளையும் தேநீரையும் குழந்தையின் மழலையையும் எழுதுகின்றனர். அவை உண்மையே. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஓய்ந்திருக்கும் ஓர் இரவு இருக்க வேண்டும். அந்த இரவை யாரோ போராடிப் பெற்றிருக்க வேண்டும். எங்கள் சனிக்கிழமையை எங்களுக்குப் பெற்றுத் தந்தவர்களின் பெயரை நான் அறியேன்.

அந்த இரவிலே நாங்கள் படம் பார்த்தோம். தமிழ்க் கடையில் ஒரு பவுணுக்கு வாடகைக்குக் கிடைத்த வீடியோ நாடாக்களை ஏற்கெனவே பார்த்துச் சலித்திருந்தோம். சண்டையும் பாட்டும் நிறைந்த அப்படங்களை நான் இகழவில்லை. பகலெல்லாம் மூட்டை சுமப்பவனுக்கு அவை தரும் மயக்கத்தை வீட்டில் சாய்ந்திருப்பவன் இகழ்வது எளிது. ஆனால் அருகிலிருந்த பொது நூலகத்தில் ஒரு படத்தட்டு இருந்தது. அதில் கறுப்பு வெள்ளைப் படங்கள் பல யாரும் தொடாமற் கிடந்தன.

முதலில் எடுத்து வந்தது சார்ளி சப்ளினின் 'மொடேர்ன் ரைம்ஸ்', 1936ஆம் ஆண்டுப் படம். அப்போது என் தாயார் எங்களோடு இருந்தார். 1993இல் வந்து சேர்ந்தவர். எழுத்தறியாதவர். அவர் திரையரங்கில் அமர்ந்து பார்த்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் 'நாடோடி மன்னன்' தலையாயது. சாயிமானக் கதிரையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்த அவரிடம், இது இங்கிலீசுப் படம், விளங்காது என்று என் மனைவி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவைத்தாள். தொழிற்சாலைப் பட்டடையிலே திருகாணிகளை முடுக்கி முடுக்கி, இயந்திரம் நின்ற பின்னரும் கை நில்லாமல் ஆடிக்கொண்டு வெளியே வருகிறானே அந்தச் சிறிய மனிதன், அந்தக் கட்டத்தில் வீட்டில் முதலில் சிரித்தவர் அவர்தான். வேலை நேரம் வீணாகாமலிருக்கத் தொழிலாளிக்குச் சோறூட்டும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து, அது பழுதாகி அவன் முகத்தில் அடிக்கும் காட்சியில் என் மகன் தரையில் உருண்டான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், சாப்பிடவும் விடுறாங்களில்லை," என்றார். படத்தின் சாரத்தை இதனினும் சுருக்கமாகச் சொன்ன விமரிசகரை நான் படித்ததில்லை. லொறியிலிருந்து விழுந்த கொடியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனின் பின்னால் ஓர் ஊர்வலமே திரண்டு வந்து, அவனைத் தலைவனென்று பொலிஸ் பிடித்துச் செல்லும் இடத்தை நான் இருமுறை திருப்பிப் போட்டேன்.

சப்ளின் இந்நகரத்துப் பிள்ளை. 1889இல் பிறந்தவர். ஏழாவது வயதில் தாயோடும் தமையனோடும் தென் இலண்டன் லாம்பெத் வறியோர் விடுதியில் அடைக்கப்பட்டவர். அந்த விடுதிக் கட்டடத்தின் எஞ்சிய பகுதி இன்றும் இருக்கிறது. இப்போது அதனுள்ளே சினிமா நூதனசாலை ஒன்று நடக்கிறது. ஒரு ஞாயிறன்று இரண்டு பஸ் மாறிப் போய் அதன் செங்கற் சுவரை வெளியே நின்று பார்த்துவிட்டு, கொண்டுபோன இடியப்பத்தைப் பூங்கா வாங்கிலிருந்து உண்டுவிட்டுத் திரும்பினோம். எங்கள் சுற்றுலாக்கள் பெரும்பாலும் இத்தகையவையே. பிரித்தானிய நூதனசாலைக்குப் பலமுறை போயிருக்கிறோம். நுழைவுக் கட்டணம் இல்லை என்பது முதற் காரணம். அங்கே தாரை என்னும் பொன்முலாம் பூசிய செப்புச் சிலை நிற்கிறாள். ஈழத்தின் கிழக்குக் கரையிலே கண்டெடுக்கப்பட்டு, தேசாதிபதி பிரவுண்றிக் கைக்குப் போய், 1830இல் அங்கு சேர்ந்தவள். நம்மவர்க்கு விசா வேண்டுமென்ற விதி 1985ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. நானும் அவளும் அதற்கு முன்னர் வந்துவிட்டோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவள் தன் விருப்பத்தால் வரவில்லை என்று மகள் ஒருமுறை திருத்தினாள். நான் மட்டும் என் விருப்பத்தாலா வந்தேன்?

இரண்டாவது படம் விற்றோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்', 1948. உலக யுத்தம் முடிந்த உரோம் நகரம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது ஒருவனுக்கு. அதற்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ அடைவில் இருக்கிறது. மனைவி கட்டிலில் விரித்திருந்த துணிகளை உருவி எடுத்துச் சென்று அடைவு வைத்து அதை மீட்கிறாள். முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தகப்பனும் சிறுமகனும் நகரமெல்லாம் தேடுகிறார்கள். இவ்வளவுதான் கதை. நாயகனாக நடித்தவர் தொழில் நடிகரல்லர், தொழிற்சாலைத் தொழிலாளி. அடைவுகடையில் அந்தத் துணிப் பொட்டலத்தை வாங்கியவன், உச்சிவரை அடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பொட்டலங்களின் மேல் ஏறி ஏறிப் போய் அதை வைக்கும் காட்சி ஒன்றுண்டு. மலைபோல் குவிந்திருக்கும் அவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் படுக்கை. அதைப் பார்த்ததும் அம்மா மெதுவாகச் சொன்னார்: "உதுக்குள்ளை என்ரை தோடும் கிடக்குமடா தம்பி."

1984இல் என் விமானச் சீட்டுக்காக அவர் அடைவு வைத்த தோடு அது. மீட்கப்படவில்லை. நான் பணம் அனுப்பியபோது தவணை கடந்துவிட்டிருந்தது. அம்மாவின் பேச்சில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர் ஒரு பொருளின் இருப்பிடத்தைக் கூறினார், அவ்வளவே. ஆனால் கலை யதார்த்தமாக இருக்க வேண்டும் என்று நாம் இளவயதில் வாசிகசாலைத் திண்ணைகளில் விவாதித்தோமே, அதன் பொருள் எனக்கு அன்றிரவுதான் முழுமையாக விளங்கிற்று.

வாசிகசாலைத் திண்ணை என்று எழுதிவிட்டேன். பழக்கத்தால் எழுதிவிட்ட சொல். பிறர் நினைவுகளைப் படித்துப் படித்து அவற்றை நம்முடையவையாக்கிக் கொள்ளும் பழக்கம். நான் எந்த வாசிகசாலைத் திண்ணையிலும் இருந்து விவாதித்தவனல்லன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

நகரசபை எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டத்தை வாடகைக்குத் தந்திருந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கேட்பவர்க்கு இத்தகைய நிலம் ஒதுக்கிக் கொடுப்பது உள்ளூராட்சி மன்றங்களின் கடமை. முழுத் துண்டு ஏறக்குறைய 250 சதுர மீற்றர். எங்களுடையது அதிற் பாதி. பூசணியும் கீரையும் அவரையும் போட்டோம். வெண்டி போட்டுத் தோற்றோம். கறிவேப்பிலையைச் சாடியில் வைத்துச் சமையலறை யன்னலில் நோயாளியைப் பராமரிப்பதுபோல் பராமரித்தோம். பக்கத்துத் துண்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி; யோர்க்ஷயரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். 1984-85ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை, வந்த புதிதில், பன்னிரண்டு பேர் பகிர்ந்த வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தவன் நான் என்று சொன்னதிலிருந்து அவருக்கு என்மீது ஓர் உரிமை பிறந்துவிட்டது. 'கெஸ்' பார்த்திருக்கிறாயா என்று அவர்தான் கேட்டார்.

கென் லோச் இயக்கி 1969இல் வெளிவந்த படம். பாண்ஸ்லி நகரத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகனும் ஆசிரியருமான பரி ஹைன்ஸ் எழுதிய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. பில்லி என்னும் சிறுவன் தகப்பனில்லாதவன். தமையனின் அடிக்கும் ஆசிரியரின் பிரம்புக்கும் இடையே வளர்பவன். ஒரு வல்லூற்றுக் குஞ்சைப் பிடித்து வளர்த்துப் பழக்குகிறான். பாடசாலை அவனிடம் எதையும் காணவில்லை. ஓர் ஆசிரியர் மட்டும், வகுப்பில் எழுந்து நின்று அந்தப் பறவையைப் பற்றிப் பேசும்படி கேட்கிறார். பேச்சறியாதவன் என்று கருதப்பட்ட சிறுவன் பேசுகிறான். வகுப்பே வாய்மூடிக் கேட்கிறது. அந்த ஆசிரியராக நடித்தவரும், கால்பந்தாட்ட மைதானத்தில் சிறுவர்களை வதைக்கும் உடற்பயிற்சி ஆசிரியராக நடித்தவரும் உண்மையில் ஆசிரியத் தொழில் செய்தவர்களே. இரு வகையினரையும் அவர்கள் அறிந்திருப்பார்கள். பதினொரு வயதில் ஒரு பரீட்சை வைத்து, இவன் படிக்கப் பிறந்தவன், இவன் சுரங்கத்துக்குப் பிறந்தவன் என்று பிரித்துவைத்த கல்வி முறை அது. நம் நாட்டிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் பெயரால் பத்து வயதுக் குழந்தைகளின் உறக்கத்தைப் பறிக்கிறவர்கள் இப்படத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

அவர்கள் பேசும் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கிற்று. இலண்டன்காரருக்கும் பாதிதான் விளங்கும் என்று பஸ் சாரதி பின்னர் ஆறுதல் சொன்னார்.

படத்தின் முற்பகுதியில் ஒரு சிறு காட்சி. பறவையைப் பழக்குவது எப்படி என்று அறிய, பில்லி பொது நூலகத்துக்குப் போகிறான். அங்கத்தவனல்லாதவன் நூல் எடுக்க முடியாது. படிவத்தில் பெற்றோரின் கையொப்பம் வேண்டும். அவன் கையும் அழுக்கு. நூல் கொடுக்கப்படவில்லை. அவன் நேரே பழைய புத்தகக் கடைக்குப் போய் ஒரு நூலைத் திருடிக்கொண்டு வருகிறான்.

அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்து சில மாதங்களிலேயே நூலக அட்டை பெற்றவள். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்பா, உங்கடை ஊரிலை லைப்ரரிக்குள்ளை உங்களை விட்டவையே?"

"எங்கடை ஊரிலை லைப்ரரி இல்லைப் பிள்ளை," என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் வாசிகசாலை இருந்தது. ஓட்டுக் கூரையும், கறையான் அரித்த ஓர் அலுமாரியும், நீண்ட மேசையும், மாலையில் பத்திரிகையும் அங்கே இருந்தன. என் தகப்பனார் மரமேறும் தொழிலாளி. சாதிக் குறைபாடுகளைப் பொது இடங்களில் சுமத்துவது குற்றம் என்று 1957இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியிருந்தது. அந்தச் சட்டம் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. மாலை வேளைகளில் ஐயா வேலிக்கு வெளியே, கிளுவங் கதியாலைப் பற்றிக்கொண்டு நிற்பார். உள்ளே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். அக்காலத்தில் உரக்க வாசிப்பது வழக்கம். இளம் ஆசிரியர் ஒருவர் வாசிக்கும் நாட்களில் குரல் சற்று ஓங்கியிருக்கும். அது வேலிக்கு வெளியே நிற்போருக்காகவே என்று ஐயா நம்பினார். நானும் அவ்வாறே நம்புகிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். ஒருநாள் வாசலில் யாருமில்லை. மேசையில் பத்திரிகை விரிந்து கிடந்தது. உள்ளே போய் அதைக் கையில் எடுத்தேன். இரண்டு வரி வாசித்திருக்க மாட்டேன், ஒருவர் வந்தார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. பத்திரிகையின் ஒரு மூலையை மட்டும் இரு விரலாற் பிடித்து என் கையிலிருந்து உருவி எடுத்து, மடித்து, அலுமாரிக்கு மேலே வைத்தார். ஐயா வேலியில் நின்று இதைக் கண்டார். வீடு போகும்வரை அவர் பேசவில்லை.

பில்லியிடம் அவன் கையைப் பற்றியாவது சொன்னார்கள்.

இதைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கடல் கடந்து வந்தவர்கள் சாதியை விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் நிலையத்திலே, தமிழ்ப் பள்ளி வாசலிலே, பிறந்தநாள் விருந்திலே முதலில் வரும் கேள்வி "ஊரிலை எவடம்?" என்பது. ஊரைச் சொன்னால், "அதிலை எந்தப் பக்கம்?" கோயிலடியா, சந்தியடியா, குளத்தடியா என்று வட்டம் சுருங்கிச் சுருங்கி வந்து கழுத்தைத் தொடும். நான் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிப் பழகியிருந்தேன். எங்களோடு நெருங்கிப் பழகிய ஒரு குடும்பம் ஒரு வாரத்திலே வருவதை நிறுத்திற்று. யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை ஏன் விளையாட வருவதில்லை என்று மகன் கேட்டபோது, வீடு மாறிவிட்டார்கள் என்றேன். அவர்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். பிள்ளைகளை அந்த அறிவிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று எண்ணினேன். உண்மையில் அவர்கள் கண்ணில் நான் சிறுத்துவிடக் கூடாது என்று அஞ்சினேன் என்பதே சரி.

படங்களுக்கு அடுத்து நூல்களைச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை எங்கள் வீட்டில் புட்டும் முட்டைப்பொரியலும். அதன்பின் நான் உரக்க வாசிப்பேன். பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள். எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆதலால் உரக்க வாசிப்பது எங்கள் வீட்டில் தேவையாகவே இருந்தது. ஊரில் வேலிக்கு வெளியே கேட்ட அதே பழக்கம், இங்கே அடுப்படி மேசையில் வந்து அமர்ந்திருந்தது. ரகுநாதன் மொழிபெயர்த்த கோர்க்கியின் 'தாய்' முழுவதையும் ஒரு குளிர்காலத்தில் வாசித்து முடித்தோம். எழுத்தறியாத ஒரு தாய் மகனுடைய நண்பர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு மாறி வரும் கதையை, எழுத்தறியாத என் தாய் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நாவலில் பெரிய குறையொன்று இருந்தது: அந்த மனிசி எந்நேரமும் தேத்தண்ணிதான் வைக்கிறாள், சமைக்கிற மாதிரித் தெரியவில்லை.

2004ஆம் ஆண்டளவில் ஊருக்குப் போய்வந்த நண்பர் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்து தந்தார். 1972இல் வெளிவந்தது. தேநீர்க்கடைக் கதவுகளும் கோயிற் கதவுகளும் மூடியிருந்த காலத்தையும், அவற்றைத் தட்டியவர்களையும் எழுதியது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், 1968இல் மாவிட்டபுரத்து வாசலையும் சிறுவயதில் அறிந்தவன் நான். ஞாயிறு வாசிப்புக்கு இந்நூலைத் தேர்ந்ததற்குத் துணிவு காரணமன்று. வாசிக்கலாம், வேண்டாதவற்றைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே தாண்டினேன். இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று நெகிழ்த்தி, இடையிலே ஒரு வாக்கியத்தைக் கைச்சரக்காகச் சேர்த்து ஒட்டிவிடுவேன். இலக்கிய நேர்மையைப் பற்றி இளைஞர்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை.

மூன்றாம் ஞாயிறு மகள் சொன்னாள்: "அப்பா, ரண்டு தாள் ஒண்டாப் புரட்டிப்போட்டியள்."

"ஒட்டிக்கொண்டு இருந்தது."

அவள் ஒன்றும் சொல்லாமல் நூலை வாங்கிக்கொண்டு மேலே போனாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தைக் கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரமாக அவள் வாசித்தாள். பேச்சுத்தமிழில் அமைந்த இடங்கள் அவளுக்கு எளிதாக இருந்தனவாம். ஆச்சியின் குரலிலே கேட்டதாம். நான் அன்றிரவு வேலைக்குப் போகப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது படியிறங்கி வந்து கேட்டாள்:

"இதிலை நாங்கள் ஆர், அப்பா?"

நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மாதான் பதில் சொன்னார்: "நாங்கள் வேலிக்கு வெளியிலை நிண்ட ஆக்கள், பிள்ளை. இப்பிடி இரு, சொல்லுறன்."

நான் வேலைக்குப் போய்விட்டேன், போக வேண்டியிருந்தது. ஆதலால் அந்தக் கதை என் வீட்டில் முதன்முதலாகச் சொல்லப்பட்டபோது நான் அங்கில்லை. நள்ளிரவில் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து, வரும் வாகனங்களுக்கு மீதிக் காசு எண்ணிக் கொடுத்தபடி, அம்மா இப்போது எதுவரை சொல்லியிருப்பார் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் வீடு வந்தபோது மகள் பள்ளிச் சீருடையுடன் எனக்குத் தேநீர் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், "வீரகேசரியை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

அது வாசிகசாலைச் சம்பவத்துக்கு அடுத்த நாள் நடந்தது. ஐயா பட்டணத்துக்கு நடந்து போய் ஒரு 'வீரகேசரி' வாங்கி வந்தார். குப்பி விளக்கடியில் என்னை இருத்தி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசிக்கச் செய்தார். மரண அறிவித்தல்களும் மருந்து விளம்பரமும் விட்டுவைக்கப்படவில்லை. மறுநாளும் அதே பத்திரிகை. அதற்கு மறுநாளும் அதுவே. பின்னர் அதைக் கூழாற் சுவரில் ஒட்டினார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாததை அம்மா அன்றிரவு மகளுக்குச் சொல்லியிருந்தார். ஐயா கள்ளிறக்கி வந்து படுக்கும் நேரத்தில், வாசிக்கத் தெரியாத அம்மனிதர், சுவரிலே விரலை வைத்து, இந்த இடத்திலே இன்ன செய்தி, அதற்குக் கீழே இன்ன விலை என்று வரிசை தவறாமல் அம்மாவுக்குச் சொல்வாராம். நான் வாசித்ததைக் கேட்டு, எந்தச் செய்தி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மனத்தில் பதித்து வைத்திருக்கிறார். நான் கெட்டிக்காரன் என்பதற்கு அது அவருடைய சான்றிதழாம். 1979இல் அவர் இறந்தார். சுவரும் பின்னர் யுத்தத்தில் போயிற்று.

தாண்டிய பக்கங்களை அடுத்த ஞாயிறு மகள் கேட்டபடி வாசித்தேன். குரல் சில இடங்களில் வரவில்லை. மகன் பதின்மூன்று வயதுக்குரிய அலட்சியத்தோடு புட்டைக் கிளறிக்கொண்டிருந்தான். முடிந்ததும், "அப்ப அந்த ஆக்கள் வீடு மாறேல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றியும் அதன்பின் சொல்ல முடிந்தது. எழுபதுகளில் மாணவனாக அங்கே போனேன். அங்கே எவரும் என் கையிலிருந்து எதையும் உருவி எடுக்கவில்லை. ஒரு நூலை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை அமர்ந்திருக்க முடிந்த முதல் இடம் எனக்கு அதுவே. 1981ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் அது எரிக்கப்பட்டபோது, தமிழினத்தின் அறிவுக் கருவூலம் எரிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள், சரியே. எனக்கு ஒரு கதிரையும் எரிந்தது.

இந்நாட்டு நூலகங்களும் யாரும் மனமுவந்து அளித்த கொடையல்ல. 1850இல் பொது நூலகச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது கேணல் சிப்தோர்ப் என்னும் உறுப்பினர், தமக்கு வாசிப்பென்பதே பிடிக்காது, ஒக்ஸ்போட்டில் இருந்தபோதும் பிடித்ததில்லை என்று எதிர்த்துப் பேசினார். அவருடைய நேர்மையை மெச்ச வேண்டும். சட்டம் நிறைவேறிற்று, ஆனால் வரிப்பணத்தில் கட்டடம் அமைக்கலாம், ஊழியரை நியமிக்கலாம், நூல் மட்டும் வாங்க முடியாது என்றிருந்தது. நூல் வாங்கும் அனுமதி 1855இல்தான் வந்தது. இன்று 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூலக சேவை உள்ளூராட்சியின் கட்டாயக் கடமை. ஆயினும் 2010இன் பின் வந்த செலவுக் குறைப்பில் நூற்றுக்கணக்கான கிளைகள் மூடப்பட்டன, அல்லது தொண்டர்களின் தலையிற் சுமத்தப்பட்டன. எங்கள் கிளை மூடப்படவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் திறக்கிறார்கள். படத்தட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு தானியங்கி இயந்திரம் நிற்கிறது.

அம்மா 2009இல் காலமானார். மகள் சரித்திர ஆசிரியை. ஆண்டுதோறும் ஒரு வகுப்புக்கு 'கெஸ்' காட்டுகிறாள். கால்பந்தாட்டக் கட்டத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம். பில்லியின் தமையன் பறவையைக் கொன்று குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்ட கட்டத்தில் சத்தமே இருக்காதாம். நூலகக் காட்சி பெரும்பாலும் யாருக்கும் ஒன்றும் செய்வதில்லை. அது அவ்வளவு சிறியது. அவள் மணந்தவன் தமிழ்ப் பையன். அவனுடைய பெற்றோர் பதிவுத் திருமணத்துக்கு வரவில்லை. இன்னும் வரவில்லை. பேர்த்திக்கு ஆறு வயதாகிறது.

போன வாரம் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிச் சென்றேன். உருளைக்கிழங்கு கிளறினோம். பஸ் சாரதியின் துண்டை இப்போது சோமாலிய நாட்டுப் பெண்மணி ஒருவர் செய்கிறார். அவர் எங்களுக்குக் கொத்தமல்லி தந்தார். திரும்பும் வழியில் நூலகம். மழை தொடங்கிவிட்டதால் கை கழுவ நில்லாமல் உள்ளே ஓடினோம். பறவைகளைப் பற்றிய படப்புத்தகமொன்றை எடுத்து அவள் தரையில் சப்பணமிட்டு அமர்ந்து பக்கங்களைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஈர மண் விரலடையாளம் விழுந்தது. நான் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தேன். அந்தப் பதற்றம் என் வயதுக்கும் முற்பட்டது. மேசையில் இருந்த நூலகப் பெண் பார்த்துவிட்டு, "மண்தானே," என்று சொல்லிக்கொண்டு தன் வேலையைத் தொடர்ந்தாள்.

பேர்த்தி தன் அட்டையைத் தானே இயந்திரத்தில் காட்டினாள். மூன்று வாரத் தவணை. இரவு நான் வாசிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். ஆங்கில நூலானாலும் தமிழிலே வாசிக்க வேண்டுமாம். வல்லூறு எட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அவள் முதற் பக்கத்திலிருந்து வரச் சொல்கிறாள்.